குக்கருக்குள் முட்டை: மிச்சமாவது என்ன?

துவரம் பருப்பைத் திறந்த பாத்திரத்தில் வேக வைத்தால் முக்கால் மணி நேரம்கூட ஆகும். பிரஷர் குக்கரில் வைத்தால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் மசிந்துவிடும். குக்கர் நேரத்தை மிச்சப்படுத்துகிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

சரி, அதே குக்கரில் முட்டையை வேக வைத்தால் எவ்வளவு நேரம் மிச்சமாகும்? 'அதுவும் நாலில் ஒரு பங்கு நேரத்தில் வெந்துவிடும்' என்று சொல்லத் தோன்றுகிறது அல்லவா? அவசரப்பட வேண்டாம். கடிகாரத்தைப் பார்த்துச் சொல்வோம்.

இப்போது பல வீடுகளில் மின்சார பிரஷர் குக்கர் வந்துவிட்டது. அதன் உள்பாத்திரத்தில் ஒரு கோப்பை, அதாவது சுமார் 250 மில்லிலிட்டர் தண்ணீர் ஊற்றுகிறோம். தண்ணீருக்கு மேலே நிற்கும்படி கம்பித் தட்டை வைத்து, அதன்மேல் ஆறு முட்டைகளை அடுக்குகிறோம். மூடியைப் பூட்டி, 5 நிமிடம் என்று குறித்துப் பொத்தானை அழுத்துகிறோம். அழுத்தம் ஏற 6 அல்லது 7 நிமிடம் ஆகிறது. பிறகுதான் கருவி 5 நிமிடத்தை எண்ணத் தொடங்குகிறது. அது முடிந்தபின் இன்னும் 5 நிமிடம் அப்படியே விடுகிறோம். ஆக மொத்தம் 16 அல்லது 17 நிமிடம்.

அடுப்பில் சாதாரணப் பாத்திரம் வைத்தவரோ, தண்ணீர் கொதிக்க 6, 7 நிமிடம், முட்டை வேக 10 நிமிடம் என்று அதே 16, 17 நிமிடத்தில் வேலையை முடித்துவிடுகிறார்! பருப்பில் பந்தயக் குதிரையாய் ஓடிய குக்கர் முட்டையில் மட்டும் ஏன் இப்படித் தயங்குகிறது? நேரம் மிச்சமாகாவிட்டால் இத்தனை பேர் ஏன் முட்டையைக் குக்கரில் வைக்கிறார்கள்? விடை காண முதலில் முட்டைக்குள் நுழைந்து பார்ப்போம்.

'வேகுதல்' என்றால் என்ன?

வெண்ணெயைச் சூடாக்கினால் உருகுகிறது. மெழுகும் உருகுகிறது. முட்டை மட்டும் சூடாக்கினால் கெட்டியாகிறது. ஆறிய பிறகும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. இந்த விந்தைக்குக் காரணம் புரதங்கள்.

வெண்கருவில் ஏறத்தாழ 88 சதவீதம் தண்ணீர்தான். மீதியில் பெரும்பகுதி புரதம். புரத மூலக்கூறு ஒவ்வொன்றும் அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலி. பச்சை முட்டையில் இந்தச் சங்கிலிகள் நூற்பந்துகளைப் போலச் சுருண்டு தனித்தனியே நீரில் மிதக்கின்றன. வெப்பம் ஏற ஏற மூலக்கூறுகள் அதிர்கின்றன. பந்துகள் பிரிகின்றன. பிரிந்த இழைகள் பக்கத்து இழைகளுடன் பின்னிக்கொள்கின்றன. இப்படி உண்டான வலைக்குள் தண்ணீர் சிறைப்படுகிறது. நூற்றுக்கு 88 பங்கு தண்ணீரான ஒரு பொருள் கையில் பிடிக்கும் அளவுக்குக் கெட்டியாவது இந்த வலையினால்தான். வெப்பம் மேலும் நீடித்தால் வலை இறுகி நீரைப் பிழிந்துவிடும். அப்போது வெண்கரு ரப்பர் போல ஆகிவிடுகிறது.

எல்லாப் புரதங்களும் ஒரே வெப்பநிலையில் பிரிவதில்லை. வெண்கரு சுமார் 62 டிகிரி செல்சியசில் தடிக்கத் தொடங்குகிறது. ஆனால் வெண்கருப் புரதத்தில் பாதிக்கு மேல் இருக்கும் ஓவால்புமின் 80 டிகிரியை ஒட்டித்தான் கெட்டியாகிறது. மஞ்சள் கரு 65 டிகிரி அளவில் தடிக்கத் தொடங்கி, 70 டிகிரியில் உருவம் கொள்கிறது.

இந்த எண்களை மறுபடியும் பாருங்கள். எதுவும் 100 டிகிரி இல்லை! முட்டை முழுவதையும் வேக வைக்கக் கொதிக்கும் நீரின் சூடே தேவைக்கு அதிகம். அப்படியிருக்கக் குக்கரின் கூடுதல் சூட்டுக்கு இங்கே என்ன வேலை?

கொதிநிலைக்கு மேலே

திறந்த பாத்திரத்தில் அடுப்பை எவ்வளவு பெரிதாக எரித்தாலும் தண்ணீரின் வெப்பநிலை கொதிநிலையைத் தாண்டாது. கூடுதல் வெப்பமெல்லாம் நீரை ஆவியாக்கவே செலவாகும். இந்தக் கொதிநிலையோ காற்றழுத்தத்தைப் பொறுத்தது. கடல் மட்டத்தில் இருக்கும் சென்னையில் அது 100 டிகிரி. சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் 92 அல்லது 93 டிகிரி. சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் லடாக்கின் லே நகரில் 88 டிகிரிதான்.

மலையேறினால் கொதிநிலை இறங்கும் என்றால், அழுத்தத்தைக் கூட்டினால் அது ஏற வேண்டும் அல்லவா? இதைச் சமையலுக்குப் பயன்படுத்தியவர் பிரான்சில் 1647இல் பிறந்த டெனி பாப்பின். 1679இல் இலண்டனில் அவர் இறுக மூடிய கலம் ஒன்றைச் செய்துகாட்டினார். கடினமான எலும்புகள்கூட அதில் வெந்து மிருதுவாயின. அழுத்தம் மிகுந்து கலம் வெடித்துவிடாமல் இருக்க, எடை தொங்கவிட்ட காப்பு வால்வையும் அவரே பொருத்தினார். இன்று நம் அடுப்பங்கரையில் விசில் அடிக்கும் 'வெயிட்' அந்த வால்வின் வழித்தோன்றல்தான்.

அடுப்பில் வைக்கும் குக்கரில் வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 1 கிலோகிராம் அழுத்தம் ஏறுகிறது. உள்ளே வெப்பநிலை 120 டிகிரி. மின்சார குக்கர்கள் பெரும்பாலும் சற்றுக் குறைவாக, முக்கால் கிலோகிராம் அளவில் வேலை செய்கின்றன. அங்கே வெப்பநிலை சுமார் 116 டிகிரி.

மின்சார குக்கரின் அமைப்பு எளிமையானது. அடியில் சூடேறும் தகடு. அதன் மேல் உள்பாத்திரம். மூடியில் சிலிக்கோன் கேஸ்கட். மூடியிலுள்ள துளை ஒன்றில் சிறு உலோக முள். தொடக்கத்தில் முள் கீழே கிடக்கும். அந்த வழியாக உள்ளிருந்த காற்று வெளியேறும். பிறகு நீராவி பலமாக எழுந்து முள்ளை மேலே தள்ளித் துளையை அடைத்துவிடும். அப்போதுதான் அழுத்தம் ஏறத் தொடங்கும். வேண்டிய அளவு ஏறியதும் அழுத்த உணர்வி மின்சாரத்தைத் துண்டிக்கும். குறைந்தால் மறுபடியும் கொடுக்கும். ஆகவே இந்தக் குக்கர் விசில் அடிப்பதில்லை. நீராவியை வீணாக வெளியே விடுவதுமில்லை. எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு: வேண்டிய அழுத்தம் வந்த பிறகுதான் அதன் கடிகாரம் நிமிடங்களை எண்ணத் தொடங்குகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒரு தேக்கரண்டி நீர்

ஒரு கோப்பை நீரில் ஆறு முட்டை வேகுமா என்று சிலர் ஐயப்படுவதுண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு முட்டையின் எடை 50 கிராம் என்று கொள்வோம். அதன் வெப்ப எண் ஏறத்தாழ 0.8. அதாவது ஒரு கிராம் முட்டையை ஒரு டிகிரி சூடேற்ற 0.8 கலோரி வேண்டும். முட்டையை 30 டிகிரியிலிருந்து சராசரி 90 டிகிரிக்குக் கொண்டுவரத் தேவையான வெப்பம் 50 × 0.8 × 60 = 2,400 கலோரி.

நீராவி குளிர்ந்து நீராகும்போது கிராமுக்கு ஏறத்தாழ 540 கலோரி வெப்பத்தை வெளிவிடுகிறது. இதுதான் நீராவியின் உள்ளுறை வெப்பம். 2,400ஐ 540ஆல் வகுத்தால் சுமார் நாலரை கிராம். ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான நீர்! அது ஆவியாக எழுந்து, முட்டை ஓட்டின்மேல் பனித்துளி போலப் படிந்து, தன் வெப்பத்தைக் கொடுத்துவிட்டு, சொட்டாக மீண்டும் கீழே விழுகிறது. விழுந்த நீர் மறுபடியும் ஆவியாகிறது. நீர் இங்கே சுமைதூக்கி. தகட்டிலிருந்து வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு போய் முட்டையில் இறக்கிவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறது.

ஆறு முட்டைக்கு 27 கிராம் நீராவி போதும். ஐந்து லிட்டர் இடத்தை 116 டிகிரி நீராவியால் நிரப்ப இன்னும் 5 கிராம். அப்படியானால் ஒரு கோப்பை எதற்கு? தொடக்கத்தில் காற்றுடன் சிறிது ஆவி வெளியேறுகிறது. பாத்திரமும் ஒருபோதும் வறண்டு போகக்கூடாது. அந்தக் காப்புக்காகத்தான் மீதி நீர்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். திறந்த பாத்திரத்தில் ஆறு முட்டையை மூழ்கடிக்க ஒன்றரை லிட்டர் நீராவது வேண்டும். அந்த நீரை மட்டும் 30லிருந்து 100 டிகிரிக்கு ஏற்ற 1,05,000 கலோரி தேவை. குக்கரில் 250 கிராம் நீருக்கு 21,500, ஆறு முட்டைக்கு 14,400, ஒரு கிலோகிராம் எஃகுப் பாத்திரத்துக்கு ஏறத்தாழ 10,000. கூட்டினால் 46,000 கலோரிக்குள் அடங்கிவிடுகிறது. 1,000 வாட் தகடு நொடிக்கு 239 கலோரி தரும். ஆகவே மூன்றேகால் நிமிடம் போதும் என்று கணக்கு சொல்கிறது. மூடியும் அடிப்பகுதியும் சூடேறுவதாலும், ஆவி சிறிது வெளியேறுவதாலும் நடைமுறையில் அது 6, 7 நிமிடமாகிறது.

ஆகக் குக்கரில் முதலில் மிச்சமாவது வெப்பம். நேரம் ஏன் மிச்சமாகவில்லை என்ற கேள்வி இன்னும் நிற்கிறது.

இரண்டு வகைத் தாமதம்

சமையலில் நேரம் இரண்டு காரணங்களால் செலவாகிறது. வெப்பம் வெளியிலிருந்து நடுவரை போய்ச் சேர வேண்டும், இது பயணம். சேர்ந்த பிறகு அங்கே மாற்றம் நிகழ வேண்டும், இது வேலை. சில பொருள்களில் பயணம் குறுகியது, வேலை நீண்டது. சிலவற்றில் இது தலைகீழ்.

பருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தடிமன் சில மில்லிமீட்டர்தான். சில நொடிகளில் வெப்பம் உள்ளே போய்விடுகிறது. ஆனால் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் கரைய வேண்டும். மாவுச்சத்து நீரை உறிஞ்சிப் பருக்க வேண்டும். இந்த வேலைக்குத்தான் முக்கால் மணி நேரம். இத்தகைய வேதி மாற்றங்களின் வேகம் ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது பொதுவான விதி. 100இலிருந்து 120 டிகிரிக்குப் போனால் வேகம் நான்கு மடங்கு. முக்கால் மணி நேரம் பதினோரு நிமிடமாகிவிடுகிறது.

முட்டையில் கதை வேறு. வேண்டிய வெப்பநிலை வந்துவிட்டால் புரதம் விரைவில் இறுகிவிடும். வேலை சுலபம், பயணம்தான் நீளம். முட்டையின் குறுக்களவு 4 சென்டிமீட்டருக்கு மேல். உள்ளே இருப்பது கெட்டியான குழம்பு. அதில் வெப்பம் கடத்தல் முறையில் அணு அணுவாக நகர்ந்தே செல்ல வேண்டும். அதற்கான நேரம் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. தடிமன் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்கு!

இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்லஸ் வில்லியம்ஸ் என்ற இயற்பியலாளர் முட்டை வேகும் நேரத்துக்கு ஒரு சமன்பாட்டை வகுத்திருக்கிறார். மஞ்சள் கருவின் விளிம்பு குறிப்பிட்ட வெப்பநிலையை எட்ட எவ்வளவு நேரமாகும் என்று அது சொல்கிறது. 50 கிராம் முட்டை, தொடக்கத்தில் 30 டிகிரி, விளிம்பு எட்ட வேண்டியது 70 டிகிரி என்று வைத்துக் கணக்கிட்டால் கிடைக்கும் விடைகள் இவை:

லே நகரில், 88 டிகிரி நீரில்: ஏறத்தாழ ஐந்தரை நிமிடம்.
ஊட்டியில்: நாலரை நிமிடம்.
சென்னையில்: மூன்றரை நிமிடம்.
குக்கரின் 116 டிகிரி நீராவியில்: இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல்.

இது வெண்கரு இறுகி, மஞ்சள் கரு குழம்பாகவே இருக்கும் அரைவேக்காட்டு நிலை. இதில் குக்கர் முந்துவது உண்மைதான். ஆனால் முழுவேக்காட்டுக்கு முட்டையின் நடுமையமே 70 டிகிரியை எட்ட வேண்டும். அதே வழியில் கணக்கிட்டால் சென்னையில் கொதிக்கும் நீரில் சுமார் ஒன்பதரை நிமிடம். குக்கரில்? எட்டு நிமிடம்! சூடு 16 டிகிரி கூடியும் மிச்சமானது ஒன்றரை நிமிடமே. அழுத்தம் ஏறுவதற்குக் காத்திருப்பதில் அந்த ஒன்றரை நிமிடமும் போய்விடுகிறது.

இப்போது புரிகிறதா? குக்கர் வேலையைத்தான் விரைவுபடுத்தும். பயணத்தை அதனால் அவ்வளவாகக் குறைக்க முடியாது.

இதே சமன்பாடு இன்னொரு செய்தியையும் தருகிறது. நேரம் முட்டையின் எடையையும் பொறுத்தது. 70 கிராம் வாத்து முட்டைக்கு 50 கிராம் கோழி முட்டையைவிட நாலில் ஒரு பங்கு நேரம் கூடுதலாக வேண்டும். 10 கிராம் காடை முட்டைக்கு மூன்றில் ஒரு பங்கு நேரம் போதும். ஆனால் முட்டைகளின் எண்ணிக்கைக்கு இந்தச் சமன்பாட்டில் இடமே இல்லை! குக்கரில் இரண்டு முட்டை வைத்தாலும் பன்னிரண்டு வைத்தாலும் அழுத்தம் வந்தபின் அதே 5 நிமிடம்தான். அழுத்தம் ஏறும் நேரம் மட்டும் சற்றுக் கூடும்.

ஐந்து, ஐந்து, ஐந்து

மின்சார குக்கர் வைத்திருப்பவர்களிடையே ஒரு சூத்திரம் உலகெங்கும் வழங்குகிறது: அழுத்தத்தில் 5 நிமிடம், அணைத்தபின் தானாக ஆறும்படி 5 நிமிடம், குளிர்ந்த நீரில் 5 நிமிடம். ஒவ்வொரு ஐந்துக்கும் பொருள் உண்டு.

முதல் ஐந்து முட்டையின் வெளிப்பகுதிக்குள் வெப்பத்தை ஏற்றுகிறது. இரண்டாம் ஐந்தில் மின்சாரம் இல்லை. ஆனாலும் உள்ளே நூறு டிகிரிக்கு மேற்பட்ட நீராவி சூழ்ந்திருக்கிறது. ஏறிய வெப்பம் நடுவை நோக்கிப் பயணத்தைத் தொடர்கிறது. நாம் கணக்கிட்ட எட்டு நிமிடம் இந்தப் பத்துக்குள் அடங்கிவிடுவதைக் கவனியுங்கள்.

மூன்றாம் ஐந்தைப் பலர் தேவையற்றது என்று விட்டுவிடுகிறார்கள். விட்டால் என்ன ஆகும்? முட்டையை வெட்டிப் பார்த்தால் மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை கலந்த சாம்பல் நிற வளையம் தெரியும். வெண்கருப் புரதத்தில் கந்தகம் உண்டு. வெப்பம் நீடித்தால் அதிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வாயு பிறக்கிறது. மஞ்சள் கருவில் இரும்பு உண்டு. இரண்டும் சந்திக்கும் எல்லையில் இரும்பு சல்பைடு உண்டாகிறது. அதுதான் அந்த வளையம். அதனால் உடலுக்குத் தீங்கில்லை. ஆனால் மணமும் சுவையும் கெடும். 116 டிகிரியில் இந்த வினையும் விரைவாகவே நடக்கும் என்பதை மறக்க வேண்டாம். உடனே குளிர்ந்த நீரில் போட்டால் வெப்பம் உள்நோக்கிப் போவது நிற்கிறது. புதிய வாயு உண்டாவதும் நிற்கிறது. இருக்கும் வாயு குளிர்ந்த வெளிப்பக்கமாக நகர்கிறது.

ஓடு ஏன் ஒட்டிக்கொள்கிறது?

முட்டை உரிக்கும்போது வெண்கரு ஓட்டோடு பிய்ந்து வந்து, நிலாவின் மேற்பரப்பு போலக் குழி குழியாக ஆவதைப் பார்த்திருப்பீர்கள். இதற்கு முட்டையின் வயதும் ஒரு காரணம்.

ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டினால் ஆனது. அதில் ஏழாயிரத்திலிருந்து பதினேழாயிரம் வரை நுண்துளைகள் உள்ளன. புதிதாக இட்ட முட்டையில் கார்பன் டை ஆக்சைடு கரைந்திருக்கும். நாள் போகப் போக அது துளைகள் வழியே வெளியேறுகிறது. வெண்கருவின் காரத்தன்மை கூடுகிறது. பி.எச். எண் 7.6 அளவிலிருந்து சில நாட்களில் 9க்கு மேல் ஏறிவிடும். காரத்தன்மை குறைந்த புதிய வெண்கரு, வேகும்போது ஓட்டின் உட்சவ்வோடு இறுகப் பிணைந்துகொள்கிறது. நாமக்கல் பண்ணையிலிருந்து வந்து சில நாள் கடையில் இருந்த முட்டை, காலையில் வீட்டுக் கோழி இட்ட முட்டையைவிடச் சுலபமாக உரிவதன் இரகசியம் இதுதான்.

இரண்டாவது காரணம் சூடேற்றும் விதம். தண்ணீரோடு சேர்த்து முட்டையை மெல்ல மெல்லச் சூடாக்கினால், புரதம் சவ்வோடு நிதானமாகப் பிணைய நேரம் கிடைக்கிறது. திடீரென்று கொதிசூடு பட்டால் வெண்கருவின் வெளியடுக்கு நொடிப்பொழுதில் இறுகி, சவ்விலிருந்து விலகிச் சுருங்குகிறது. குக்கரில் முட்டை தண்ணீருக்கு வெளியே இருக்கிறது. நீர் கொதித்ததும் நீராவி ஒரே வேகத்தில் வந்து ஓட்டின் மேல் படிந்து, கிராமுக்கு 540 கலோரி வீதம் வெப்பத்தைக் கொட்டுகிறது. இந்தத் 'திடீர்த் தாக்குதல்' உரிப்பதை எளிதாக்குகிறது.

மின்சார குக்கர் இல்லாதவர்கள் வருந்த வேண்டாம். இட்லிப் பானையிலும் இதே நீராவிதான். அழுத்தம் மட்டும் இல்லை. ஆவி வந்தபின் முட்டைகளைத் தட்டில் வைத்து மூடிப் பன்னிரண்டு நிமிடம் விட்டால் போதும். அதுவும் நன்றாகவே உரியும்.

எச்சரிக்கை தேவை

116 டிகிரியில் இருக்கும் நீர் அழுத்தத்தின் பிடியில்தான் அடங்கியிருக்கிறது. மூடியைத் திடீரென்று திறந்தால் அந்தப் பிடி விட்டுப்போகும். நீரின் ஒரு பகுதி கணத்தில் ஆவியாகிப் பொங்கும். முகத்தையும் கையையும் வெந்துபோகச் செய்யும். ஆகவே மூடியிலுள்ள முள் தானாகக் கீழே இறங்கும்வரை மூடியைத் தொடாதீர்கள், வலுவில் திருகாதீர்கள். ஆவியை வெளியேற்றும் வால்வுக்கு நேரே முகத்தையோ கையையோ நீட்டாதீர்கள். கேஸ்கட் தன் இடத்தில் சரியாகப் பொருந்தியிருக்கிறதா, வால்வுத் துளையில் அடைப்பு இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். வீட்டுப் பெரியவர் ஒருவர் உடனிருக்கும்போது மட்டுமே இதைச் செய்யுங்கள்.

ஆவியை ஒரேயடியாக வெளியேற்றினால் முட்டைக்கும் ஆபத்து. ஓட்டுக்குள் 100 டிகிரிக்கு மேல் சூடாயிருக்கும் ஈரம் சட்டென்று கொதித்து ஓட்டை வெடிக்கச் செய்யலாம். தானாக ஆற விடும் இரண்டாம் ஐந்தின் மற்றொரு பயன் இது.

ஓட்டோடு கூடிய முட்டையையோ, வெந்த முழு முட்டையையோ மைக்ரோவேவ் அடுப்பில் ஒருபோதும் வைக்காதீர்கள். அதன் கதிர்கள் முட்டையின் உட்புறத்தையும் சூடாக்குகின்றன. மஞ்சள் கருவில் உள்ள சிறு நீர்ப்பைகள் கொதிநிலையைத் தாண்டியும் கொதிக்காமல் காத்திருந்து, கத்தியோ பல்லோ பட்டதும் வெடிக்கக்கூடும்.

பச்சை முட்டையைவிட வெந்த முட்டை விரைவில் கெடும் என்பது பலருக்குத் தெரியாது. ஓட்டின் மேலிருந்த இயற்கையான காப்புப் பூச்சு வேகும்போது போய்விடுகிறது. நுண்ணுயிர்கள் துளைகள் வழியே எளிதில் நுழைகின்றன. நம் வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. காலையில் அவித்த முட்டையை மாலைச் சுற்றுலாவுக்குப் பையில் போட்டுக்கொண்டு போவது நல்லதன்று.

செய்து பாருங்கள்

இனி உங்கள் முறை. கடையில் ஒரே நாளில் வாங்கிய, ஏறத்தாழ ஒரே எடையுள்ள ஒன்பது முட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஓடுகளில் பென்சிலால் எண்ணிடுங்கள். மூன்றைக் குளிர்ந்த நீரில் போட்டு அடுப்பேற்றி, கொதித்தபின் 10 நிமிடம் வையுங்கள். மூன்றை இட்லிப் பானையின் ஆவியில் 12 நிமிடம் வையுங்கள். மூன்றை மின்சார குக்கரில் ஐந்து, ஐந்து என்ற முறையில் வையுங்கள். மூன்று குழுக்களையும் 5 நிமிடம் குளிர்ந்த நீரில் ஆறவிட்டு உரியுங்கள். ஒவ்வொன்றையும் உரிக்க எத்தனை நொடி ஆனது? வெண்கரு எத்தனை இடத்தில் பிய்ந்தது? பாதியாக வெட்டினால் பச்சை வளையம் தெரிகிறதா? தண்ணீர் எவ்வளவு செலவாயிற்று? நோட்டில் அட்டவணை இட்டுக் குறியுங்கள். முடிவில் முட்டைகளை என்ன செய்வது என்று நான் சொல்லித் தர வேண்டியதில்லை!

மறுநாள் இதையே திரும்பச் செய்தால் இன்னொன்றையும் கவனிப்பீர்கள். அடுப்புப் பாத்திரத்தின் முடிவு சுடரின் அளவையும், நீரின் அளவையும், பாத்திரம் மூடியிருந்ததா என்பதையும் பொறுத்து மாறும். விசில் குக்கரிலும் அப்படித்தான். 'மூன்று விசில்' என்பது நேரத்தின் அளவே அன்று. சுடரைப் பெரிதாக்கினால் மூன்று விசிலும் விரைந்து வந்துவிடும், முட்டையின் நடுவுக்கு வெப்பம் போயிருக்காது. மின்சார குக்கரோ வேண்டிய வெப்பநிலையை அடைந்த பின்னரே நிமிடத்தை எண்ணுகிறது. ஆகவே நேற்றைய முட்டையும் இன்றைய முட்டையும் ஒரே மாதிரி வேகின்றன. ஊட்டியில் வைத்தாலும் உள்ளே வெப்பநிலை 112 டிகிரிக்குக் குறையாது. 116க்கும் 112க்கும் உள்ள வேறுபாட்டை ஒரு நிமிடம் கூட்டி வைத்துச் சரிசெய்துவிடலாம்.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். முட்டையைக் குக்கரில் வைப்பதால் மிச்சமாவது நேரம் அன்று. எரிபொருள் மிச்சமாகிறது, தண்ணீர் மிச்சமாகிறது, உரிக்கும்போது வெண்கரு மிச்சமாகிறது. இவற்றோடு, ஒவ்வொரு முறையும் ஒரே விளைவு கிடைக்கும் என்ற உறுதியும் சேர்கிறது. சோதனைக்கூடத்தில் அறிவியலார் முதலில் தேடுவதும் அந்த உறுதியைத்தானே?

அடுத்த முறை அடுப்பங்கரையில் உருளைக்கிழங்கோ கொண்டைக்கடலையோ குக்கரில் ஏறும்போது உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: இதில் நீண்டது வெப்பத்தின் பயணமா, வேதியின் வேலையா? முழு உருளைக்கிழங்கையும் நாலாக நறுக்கியதையும் ஒன்றாகக் குக்கரில் வைத்துப் பாருங்கள். விடையை அதுவே சொல்லிவிடும்.